பிக்கப்பு வண்டியும் பூவராகவன் வீட்டுக் கல்லும்

பெரிய காஞ்சிபுரம்,
21-3-1971, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி.

மரியாதைக்கும் மதிப்புக்கும் உரிய மச்சான் திருஞானசம்பந்தம் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை சம்பூர்ணத்தைக் கைப்பிடித்த ராமலிங்கம் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான், சம்பூர்ணம், மகள் ஏலவார்குழலி, வண்டி மாடு இரண்டு, வாடகைக்குப் போய்த் திரும்பி வராத ஒன்றைத் தவிர மற்ற நாற்பத்தொரு அண்டாக்கள், எல்லாரும் காமாட்சியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே சென்னையில் தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், தங்கள் அச்சாபீஸ் மிஷினும் நோய்நொடி இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பதாக நம்புகிறேன். ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து உடனே நிறுத்தவும்.

மிஷினைத்தான் சொல்கிறேன். குழலியின் கல்யாணப் பத்திரிகையை அடிக்க வேண்டாம். அடித்திருந்தால் கட்டி ஓரமாக வைக்கவும். கட்டியிருந்தால் அவிழ்க்க வேண்டாம். போன வாரம் தாங்கள் அனுப்பிய புரூப் வந்து சேர்ந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் பெயருக்குக் கீழே "நாணயத்துக்குப் பெயர்போன ராமலிங்கம் வாடகைப் பாத்திரக் கடை உரிமையாளர்" என்று நான் கேட்டபடியே தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள், அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறது. அவர்கள் வண்டியின் சேஸிஸ் வளைந்திருக்கிறது. ஆகையால் கல்யாணம் நடக்காது.

தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிப்பீர்கள் என்று தெரியும். படித்தாலும் அதேதான். தாங்களே நாலு தடவை நடந்து பேசி முடித்த சம்பந்தம் என்பதால் முதலிலிருந்து விவரமாகச் சொல்கிறேன், கோபப்படாமல் கேட்க வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று முசரவாக்கம் சம்பந்தி கண்ணாயிரம் நம் வாசலில் என் மாட்டுவண்டியைப் பார்த்தார் அல்லவா, அதிலே ஆறு அண்டாவும் எட்டுத் தவலையும் ஏற்றியிருந்தது, அச்சு அழுதுகொண்டிருந்தது. பார்த்துவிட்டு, "என்னா சம்பந்தி, இன்னும் மாட்டை அடிச்சிக்கினு இருக்கீங்க? என்கிட்ட ஒரு பிக்கப்பு நிக்குது. மிலிட்டரி ஏலத்துல எடுத்தது. டிராக்டர் வந்த பொறவு அது சும்மாதான் கெடக்குது, நீங்க எடுத்துக்குங்க. ஒரு எடத்துல இடிச்சது இல்ல, ஒரு எடத்துல கவுந்தது இல்ல, கொழந்த மாதிரி வெச்சிக்கினு இருக்கேன்" என்றார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி, கீரைப்பச்சை நிறம். மச்சான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே மனசுக்குள் அந்தத் தொட்டியில் அண்டாக்களை அடுக்கிவிட்டேன், பெரியது கீழே, சின்னது மேலே, ஜல்லிக்கரண்டி எல்லாம் ஓரத்தில்.

அடுத்த வீட்டுப் பூவராகவன் அண்ணனைத் தங்களுக்குத் தெரியும். பட்டு நெசவில் கைகாரர், ஆனால் யாருடைய சந்தோஷத்தையும் முழுசாக அனுபவிக்க விடமாட்டார். நான் வண்டி சமாசாரத்தைச் சொன்னதும், "அந்தப் பச்ச வண்டியா? ஓரிக்கைகிட்ட பாலாத்து மணல்ல கவுந்து கெடந்ததா காதுல விழுந்துதேபா" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "யாருன்னு ஞாபகம் இல்ல. சொன்னது ஞாபகம் இருக்குது" என்றார். அவ்வளவுதான், ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி கவிழ்ந்தால் கவிழட்டும், இரும்புதானே. ஆனால் கவிழ்ந்த வண்டியைக் கவிழவில்லை என்று ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்வாரானால், அந்த வீட்டுக்கு என் ஒரே மகளை எப்படி அனுப்புவது? நாளைக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட நல்லாத்தான் இருக்குது என்று எழுதுவார்கள். வண்டி நேராக இருந்தால் மனுஷர் நேர், வண்டி வளைந்திருந்தால் மனுஷர் வளைவு என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் யேசுதாஸிடம் போனேன். வண்டிக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் இரண்டு நீள இரும்புச் சட்டம் ஓடுகிறது, அதுதான் சேஸிஸ், வண்டிக்கு அது முதுகெலும்பு, கவிழ்ந்த வண்டி என்றால் அது காட்டிக்கொடுத்துவிடும் என்றான். பெயிண்ட் வெடித்திருக்கிறதா பார்க்கணும், வெல்டிங் பத்த வைத்திருக்கிறதா பார்க்கணும், ஓடும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வருகிறதா பார்க்கணும். "நாளைக்கு ஞாயித்துக்கெழம, நான் கோயிலுக்குப் போவணும்ணே. திங்கக்கெழம வந்து பத்து நிமிஷத்துல சொல்லிடறேன்" என்றான். திங்கட்கிழமை வரைக்கும் என் நெஞ்சு தாங்காது, நானே பார்க்கிற மாதிரி ஒரு வழி சொல் என்றேன். "நேரான ஒண்ணுக்குப் பக்கத்துல வண்டிய நிறுத்தி, மூணு எடத்துல அளந்து பாருங்க. ஆனா மொதல்ல உறுதியா நேரா இருக்கற ஒண்ணு வேணும்ணே. அது கெடைக்கறதுதான் கஷ்டம்" என்றான். நான் சிரித்துவிட்டேன். நம் தெருவில் வந்து நேருக்கா பஞ்சம்?

இன்று காலை ஏழு மணிக்கே சம்பந்தி வந்துவிட்டார். மாப்பிள்ளை முனிசாமிதான் ஓட்டிவந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பதால் குழலியை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். ஜன்னலைச் சாத்த மறந்தது என் தப்பு. முதலில் கண்ணால் பார்க்கலாம் என்று வண்டிக்கு அடியில் படுத்து ஊர்ந்தேன். பாதி உடம்பு போயிற்று, மீதி வரமாட்டேன் என்றது, நெற்றியில் விபூதி இருந்த இடத்தில் ஆயில் சொட்டியது. சம்பந்தி ஒரு காலையும் மாப்பிள்ளை ஒரு காலையும் பிடித்து இழுத்தார்கள். நான் வந்தேன், வேட்டி வரவில்லை. தெருவில் அத்தனை பேர். வருங்கால மருமகன் தன் துண்டை எடுத்து மாமனாருக்குக் கட்டிவிட்டார், அந்த மரியாதையை நான் மறுக்கவில்லை. ஆனால் அடியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், இருட்டைப் பார்த்தேன்.

அடுத்தது சக்கரத் தடம். அதற்கு மாவு வேண்டும். பூவராகவன் அண்ணன் மனைவி கிருஷ்ணம்மாள் அப்போதுதான் வாசலில் இருபத்தொரு புள்ளி வைத்து ஒரு தேர்க்கோலம் முடித்திருந்தார். ஈரத் தரை, கெட்டி மாவு, இதைவிட வசதி வேறு உண்டா? அவர் உள்ளே போனதும் மாப்பிள்ளையை அதன்மேல் ஒரே சீராக ஓட்டச் சொன்னேன். ஓட்டினார். மச்சான், தடம் பாம்பு போன மாதிரி போயிற்று! பின்சக்கரம் முன்சக்கரத்தைத் தொடர்ந்ததா இல்லையா என்பதைப் பிரம்மாகூடச் சொல்ல முடியாது. வண்டியின் கோளாறா என்று பார்த்தால் இல்லை, நம் ஜன்னல் வரும்போதெல்லாம் மாப்பிள்ளையின் கழுத்து திரும்புகிறது, கழுத்தோடு ஸ்டீரிங்கும் திரும்புகிறது. கிருஷ்ணம்மாள் வெளியே வந்து, "கோலத்து மேல வண்டிய வுட்டு என்னாத்தக் கண்டுபுடிச்சீங்க? கெடுத்தீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று பிடித்துக்கொண்டார். அவருக்கு வேறு இன்றைக்கு மனசு சரியில்லை. நேற்றுத்தான் பூவராகவன் அண்ணன், நெசவு நூலுக்குத் தடவும் கஞ்சியைக் காட்டி, "இன்னிக்கும் பாவு ஓரத்துல தொய்யுது! இதெல்லாம் ஒரு கஞ்சியா? மூணு வருசமா ஒரு நாளாவது பதமா காய்ச்சியிருக்கறியா நீ?" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தியிருந்தார். அந்தம்மாவும் அரிசியை மாற்றிப் பார்த்துவிட்டார், விறகை மாற்றிப் பார்த்துவிட்டார், பாவம், கஞ்சிக்கு அவர் கைராசி அவ்வளவுதான்.

கடைசியில்தான் அசல் பரீட்சை. தங்களுக்கு அச்சு தெரியும், பாவு தெரியாது, ஆகையால் சொல்கிறேன். பாவு என்பது தறியில் ஏற்ற வேண்டிய நீளவாட்டு இழைகள். விடிந்ததும் நெசவாளர்கள் பட்டுப் பாவைத் தெருநீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைத்துச் சுருட்டுவார்கள். அதற்காக வாசலோரம் வீட்டுக்கு ஒரு கல் வரிசையாக நட்டிருக்கிறது. நூல் பிடித்து நட்ட கற்கள். நான் நெசவாளி இல்லை என்றாலும் இருபத்திரண்டு வருஷம் இந்தத் தெருவில் இருந்தவன், இதைவிட நேரான வரிசை ஜில்லாவிலேயே கிடையாது என்று சத்தியம் செய்வேன். வண்டியை மூன்று கல்லுக்குப் பக்கவாட்டில் நிறுத்தினோம். முதல் கல் செல்லியம்மாள் வீட்டுக் கல், நடுக்கல் பூவராகவன் அண்ணனுடையது, மூன்றாவது நம்முடையது. அண்ணனே எட்டிழை முறுக்கிய பட்டுநூல் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு, எதற்காக நூல் கட்டினாலும் வழியில் இருக்கும் ஒவ்வொரு கல்லிலும் ஒரு சுற்றுப் போட்டுத்தான் போக வேண்டும். ஒரு கல்லை விட்டுவிட்டால் அந்த வீட்டைத் தள்ளிவைத்ததாக அர்த்தம். செல்லியம்மாள் கல்லை ஒருதரம் யாரோ மறந்துபோய் விட்டுவிட, அந்த அம்மாள் இரண்டு வருஷம் விட்டவர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆகவே நானே மூன்று கல்லிலும் சுற்றுப் போட்டேன். "என் கல்லுல நல்லா இறுக்கிப் போடுபா" என்றார் அண்ணன். இறுக்கினேன். நூலைச் சுண்டினால் தம்பூரா மாதிரி பேசியது.

மாப்பிள்ளை அடியில் படுத்துக்கொண்டு சேஸிஸ் சட்டத்தின் விளிம்பிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட, குண்டுக்கும் நூலுக்கும் நடுவே நான் கையால் அளந்தேன். முன்னால் ஒரு சாண். பின்னால் ஒரு சாண். நடுவில் ஒரு சாணும் இரண்டு விரலும்! சட்டம் நடுவில் உள்வாங்கியிருக்கிறது! ஐந்து தடவை அளந்தேன் மச்சான், ஐந்து தடவையும் அந்த இரண்டு விரல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. சம்பந்தியை அளக்கச் சொன்னேன். அவர் கை பெரிய கை, சாணுக்குக் குறைந்தது, ஆனால் இரண்டு விரல் வித்தியாசம் குறையவில்லை. கூடியிருந்தவர்கள் "ஆங்" என்றார்கள். பூவராகவன் அண்ணன், "பாலாத்து மணலு" என்று மட்டும் சொன்னார்.

சம்பந்தி முகம் சிவந்துவிட்டது. "சம்பந்தி, இந்த வண்டி கவுந்ததே இல்ல. நான் சொல்றேன்" என்றார்.

"நூல் வேற சொல்லுது" என்றேன்.

"நூலு பெருசா, நான் பெருசா?"

நான் யோசிக்கவே இல்லை. "நூல்தான் பெருசு" என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டார். "முனிசாமி, வண்டியத் தொடாத. இங்கியே நிக்கட்டும். ஆசை தீர அளந்துக்கினு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். மாப்பிள்ளையும் பின்னால் போனார். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், வண்டியை அல்ல. காப்பிகூடக் குடிக்கவில்லை. சம்பூர்ணம் ஆற்றிவைத்த காப்பி ஆறியே போயிற்று, அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுகிறாள், தாங்கள் அவளுக்குத் தனியாக ஒரு ஆறுதல் கடிதம் போடவும். குழலி அழவில்லை. "வண்டிதான் வளைஞ்சிருக்குதுன்னு நல்லாத் தெரியுமா நைனா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கல்லு பொய் சொல்லாதும்மா" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெண்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்கே புரியப் போகிறது.

எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா மச்சான்? நல்ல பையன், அந்தத் துண்டு இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் நான் இருபத்திரண்டு வருஷம் பாத்திரக் கடை நடத்துகிறேன். ஒடுக்கு விழுந்த அண்டாவைக்கூட "இதுல ஒடுக்கு இருக்குதுபா, பாத்துக்கோ" என்று விரலால் தொட்டுக் காட்டித்தான் வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஒடுக்கை மறைத்தவன் என்று என்னை ஒருவர் சொல்லட்டும், கடையை மூடிவிடுகிறேன். இடித்தது தப்பில்லை, கவிழ்ந்தது தப்பில்லை, அதை மூடிமறைத்துவிட்டு நல்லவன் மாதிரி நிற்பதுதான் தப்பு. இப்படிப்பட்ட மனுஷரோடு என்னால் ஒரு பந்தியில் உட்கார முடியாது. ஆகவே மிஷினை நிறுத்தவும், நிறுத்தவும், நிறுத்தவும்.

தங்களுக்கும் அக்காவுக்கும் ஏகாம்பரநாதர் நீண்ட ஆயுளும், தங்கள் மிஷினுக்குத் தேயாத சக்கரமும் அருள வேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி. பெரியவன் கணக்கில் பாஸாக வேண்டும்.

இங்ஙனம்,
நேர் வழியில் நிற்கும் தங்கள் மைத்துனன்,
ராமலிங்கம்.

பின்குறிப்பு. திங்கட்கிழமை, காலை எட்டு மணி.

மச்சான், மிஷினை நிறுத்த வேண்டாம். நிறுத்தியிருந்தால் ஓட்டவும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் ஒட்டிவிட்டேன், பசை வேறு கிருஷ்ணம்மாள் வீட்டுக் கஞ்சி, அப்படிப் பிடித்துக்கொண்டது. ஓரத்தைக் கீறி இந்தக் காகிதத்தை உள்ளே தள்ளுகிறேன்.

இன்று காலை பாவு நீட்ட வந்த பூவராகவன் அண்ணன், வழியில் வண்டி நிற்கிறது என்று குதித்தார். தெருவில் யாருக்கும் ஓட்டத் தெரியாது. அந்த நேரம் முதல் பஸ்ஸில் மாப்பிள்ளை வந்து இறங்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "நைனா சொல்லி அனுப்பிச்சாரு மாமா. 'பொண்ணுக்காவ சேஸிஸ் வரைக்கும் குனிஞ்சு பாக்கற மனுசன் கெட்ட சம்பந்தியா இருக்க மாட்டாரு. எத்தினி தபா வேணும்னாலும் அளக்கட்டும், நீ அங்கியே இருந்து காமிச்சிட்டு வா'ன்னாரு" என்றார். அவர் வண்டியை எடுத்துத் தெருமுனைக்குப் போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். நம் வாசலுக்கு வந்ததும் சரியாக அந்த மூன்று கல்லுக்குப் பக்கத்தில் இஞ்சின் நின்றுவிட்டது. ஏன் என்று பார்த்தால் குழலி கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நிற்கிறாள்.

நான் கத்துவதற்குள் அவள் வண்டியையும் நேற்றுக் கட்டிய நூலையும் மாறிமாறிப் பார்த்தாள். அவிழ்க்காமல் விட்டிருந்தோம், அவரவர் கல்லை அவரவர்தான் அவிழ்க்க வேண்டும். "நைனா, வண்டி இப்போ திரும்பி நிக்குது. இது அந்தாண்டப் பக்கத்துச் சட்டம். அளந்து பாருங்க" என்றாள். அளந்தேன். முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண், நடுவில் ஒரு சாணும் இரண்டு விரலும். "அந்தப் பக்கம் உள்வாங்கியிருந்தா இந்தப் பக்கம் பிதுங்கித்தானே இருக்கணும்? ரெண்டு பக்கமும் உள்வாங்கறதுக்கு அது என்னா வண்டியா, உடுக்கையா?" என்றாள். தெருவே சிரித்தது. மாப்பிள்ளை ஸ்டீரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் யார் தடுத்தும் கேட்காமல் போய், நடுக்கல்லில் நான் போட்ட சுற்றை அவிழ்த்தாள். டங்கென்று ஒரு சத்தம். நூல் தெருப்பக்கம் துள்ளி, கல்லைவிட்டு நாலு விரல் தள்ளி நேராக நின்றது. மறுபடி அளந்தால் முன்னும் நடுவும் பின்னும் ஒரே அளவு! வண்டி பிசகில்லாத நேர் மச்சான்! வளைந்தது கல்வரிசை! பூவராகவன் அண்ணன் வீட்டுக் கல் வீட்டுப் பக்கமாக நாலு விரல் உள்ளே போயிருக்கிறது, அதற்கும் மரியாதையாக ஒரு சுற்றுப் போட்டு நூலை நாங்களே வளைத்திருக்கிறோம்! வண்டியின் இரு முனையும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றதால் அந்த நாலு விரலில் பாதிதான் எங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணனிடம் பாலாற்று மணலைப் பற்றிக் கேட்டேன். "அது வேற பச்ச வண்டியா இருக்கும்" என்றார்.

கல் எப்படி நகர்ந்தது என்று பெரிய விவாதம். மழை ஈரம் என்றார் ஒருவர், பெருச்சாளி என்றார் ஒருவர். நான் பெருச்சாளிக் கட்சியில் சேர்ந்து உரக்கப் பேசினேன். பெருச்சாளி என்றே முடிவாயிற்று. சம்பந்தி தங்கமான மனுஷர். ஆயிரம் பத்திரிகையும் அடிக்கவும். சுபம்.

இன்னொரு பின்குறிப்பு. அதே திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு.

சுபம் இல்லை மச்சான். காலைத் தபாலைத் தவறவிட்டேன். விட்டது நல்லதாயிற்று. இனி எழுதுவதைத் தாங்கள் அக்காவுக்குக்கூடப் படித்துக் காட்ட வேண்டாம்.

மேற்படி விவாதம் முடிந்து உள்ளே வந்ததும் குழலி கதவைச் சாத்தினாள். "பெருச்சாளியா நைனா?" என்றாள். நான் அண்டாவைத் துடைக்க ஆரம்பித்தேன். "மூணு வருசம் முன்ன, கல்யாண மண்டபத்துக்கு அவசரமா அண்டா ஏத்திக்கினு பின்னால வந்தப்போ நம்ம வண்டி அந்தக் கல்லை இடிச்சுதே. யாரும் எழுந்திருக்கறதுக்குள்ள நீங்களே நட்டு மண்ணு தள்ளினீங்களே. கடப்பாரை எடுத்துக் குடுத்தது யாரு?" என்றாள். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அப்போது பதினாறு வயசு. நான் மறந்தேபோய்விட்டேன் என்று எழுத வந்தேன், ஆனால் அது பொய். அந்தக் கல்லைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும், உடனே வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன். நேற்று நூல் சுற்றும்போதுகூட நினைத்துக்கொண்டேன், எங்கள் மாட்டை.

"அந்தக் கல்லு சாஞ்சு கெடக்கறதாலதான் பெரியப்பா பாவு ஓரத்துல தொய்யுது. அதுக்குப் பெரியம்மா மூணு வருசமா திட்டு வாங்கறாங்க. எனக்கும் இன்னிக்கு அந்த நூலு துள்ளினப்போதான் முழுசா வெளங்குச்சு" என்றாள். அப்புறம் மெதுவாக, "நீங்க போய் அவங்ககிட்ட சொல்லணும் நைனா. சொல்லலன்னா நான் மணையில உக்கார மாட்டேன். நேத்து நீங்க முசரவாக்கத்து மாமாகிட்ட எதிர்பாத்ததைத்தான் நான் உங்ககிட்ட கேக்கறேன்" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. மச்சான், எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயசில் இவ்வளவு வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை. சம்பூர்ணம் என் சட்டையை எடுத்துக்கொண்டுவந்து நீட்டினாள்.

போனேன். பூவராகவன் அண்ணன் தறியில் இருந்தார், கிருஷ்ணம்மாள் அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். வண்டி இடித்தது, நான் நட்டது, பெருச்சாளி இல்லாதது, எல்லாம். தறிச் சத்தம் நின்றுபோயிற்று. அண்ணன் எழுந்து அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார், பார்க்க முடியாமல் குனிந்துகொண்டார். கிருஷ்ணம்மாள் அகப்பையைப் பானைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அப்போ என் கஞ்சி நல்ல கஞ்சிதானா?" என்றார்.

"நல்ல கஞ்சிதான்க்கா" என்றேன்.

"எனக்குச் சொன்னா போதுமா? அவரு தெருவுக்கே கேக்கற மாதிரிதானே திட்டினாரு. நீங்களும் தெருவுல நின்னு சொல்லுங்க. ரெண்டு பேரும்."

சொன்னோம் மச்சான். உச்சி வெயிலில், அந்தக் கல்லுக்கு இரண்டு பக்கமும் நின்று, பூவராகவன் அண்ணன் ஒரு தடவை, நான் ஒரு தடவை. செல்லியம்மாள் காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவருக்காக இன்னொரு தடவை. கிருஷ்ணம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டார், அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை கடப்பாரை எடுத்துவந்து, யேசுதாஸ் நூல் பிடிக்க, கல்லை நேராக நட்டார்கள். யேசுதாஸ் சொன்ன சொல் தவறாமல் வந்திருந்தான், வண்டியைப் பத்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, நேர் என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் நான் அதே வண்டியில் முசரவாக்கம் போகிறேன், சம்பந்தியிடமும் இதைச் சொல்ல வேண்டும். குழலி மணையில் உட்கார்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஆகையால் பத்திரிகையை அடிக்கவும். ஒரே ஒரு திருத்தம். என் பெயருக்குக் கீழே "நாணயத்துக்குப் பெயர்போன" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்றால், "கிருஷ்ணம்மாள், பூவராகவன் தம்பதியர் முன்னிலையில்" என்று போடுங்கள். அதே தடித்த எழுத்து போதும். அந்தம்மாவின் பெயர் முதலில் இருக்கட்டும்.